வெட்டிக் கொடுத்த மாத்திரை அட்டை

அம்மாவின் மூட்டுவலிக்கு அசெக்ளோஃபெனாக் 100 மி.கி., காலையும் இரவும் சாப்பிட்ட பின், 10 நாள் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். நாலாம் நாள் கணுக்கால் வீங்கியது. வழக்கமாக 130 காட்டும் பிரஷர் 160-க்கு ஏறியது.

ஊறுகாயை நிறுத்தினோம். பிரஷர் மெஷினில் பேட்டரி மாற்றினோம். மூன்று நாள் வீணானதுதான் மிச்சம்.

அப்புறம் மாத்திரை டப்பாவைக் கவிழ்த்தேன். பல்வலிக்கு வாங்கிய பழைய அட்டை ஒன்று. வலி தாங்காதபோதெல்லாம் அதிலிருந்தும் ஒன்று போட்டிருக்கிறார். கடையில் கத்தரியால் பாதியாக வெட்டிக் கொடுத்ததில் மருந்தின் பெயர் போய், 'பாராசிட்டமால் 325' என்ற வரி மட்டும் தப்பியிருந்தது. பழைய பில்லைத் தேடி எடுத்துப் பார்த்தால், கூடவே அதே அசெக்ளோஃபெனாக் 100!

டாக்டருக்குப் போன் செய்தேன். இரண்டையும் நிறுத்தச் சொன்னார். அசெக்ளோஃபெனாக் வகை வலி மருந்து உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், பிரஷர் மாத்திரையின் வேலையையும் குறைக்கும் என்றார். சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனையான கிரியாட்டினின் பார்த்தோம், நல்லவேளை, கூடவில்லை. ஐந்து நாளில் வீக்கம் வடிந்து பிரஷர் 134-க்கு வந்தது.

இப்போது பாதி அட்டை வாங்கினாலும், வெட்டும் முன்பே பின்பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்கிறேன். கடைக்காரர் ஒருமாதிரிதான் பார்க்கிறார்.