கரையோர இயற்கைப் பூங்காவுக்குச் சொந்த ஏற்பாட்டில் செல்வோர் செலவைத் திட்டமிடும் முறை

பயண நிறுவனத்தின் துணையின்றிக் கரையோர இயற்கைப் பூங்கா ஒன்றுக்குச் சென்றுவர விரும்புவோர் பெரும்பாலும் முதலில் தேடிப் பார்ப்பது நுழைவுக் கட்டணத்தை. ஒரு சில பூங்காக்களைத் தவிர மற்ற இடங்களில், மொத்தச் செலவில் அது சிறு பங்காகவே இருக்கும். இத்தகைய பூங்காக்களில் செலவைத் தீர்மானிப்பது தண்ணீர்தான். படகு எந்த நேரத்தில் புறப்பட முடியும், அந்தப் படகின் வாடகையை எத்தனை பேர் பகிர்ந்துகொள்வார்கள், காற்று கிளம்பினால் எத்தனை நாள் கரையில் காத்திருக்க நேரிடும் ஆகிய மூன்று கேள்விகளுக்கும் விடை தெரியும்வரை போடும் கணக்கு எதுவும் நிலைக்காது. எனவே கணக்குப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பு நாட்காட்டியையும், கடல்நீர் ஏறி வற்றும் நேரங்களைக் காட்டும் ஓத அட்டவணையையும் திறப்பது நல்லது.

நாட்காட்டியும் ஓதமும்

முதலில் பூங்கா எந்த மாதங்களில் திறந்திருக்கிறது என்பதை உறுதிசெய்ய வேண்டும். தாய்லாந்தின் சிமிலன் தீவுகள் மே நடுப்பகுதியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதிவரை ஒவ்வோர் ஆண்டும் மூடப்படுகின்றன. கொலம்பியாவின் தைரோனா பூங்கா, இயற்கை ஓய்வெடுப்பதற்காக ஆண்டில் சில காலப்பகுதிகளில் பார்வையாளர்களை அனுமதிப்பதில்லை. மூடப்படும் காலத்துக்குச் சற்று முன்னும் பின்னும் வரும் வாரங்களில் விடுதி வாடகை குறைவாக இருப்பதைக் கண்டு பலர் அந்த நாள்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் கடல் கொந்தளிப்பாக இருக்க வாய்ப்புள்ள வாரங்களும் பெரும்பாலும் அவையே. இரண்டு இரவுகளின் வாடகையில் மிச்சப்படுத்திய பணம், படகு ஓடாத ஒரே நாளில் கரைந்துவிடக்கூடும். மலிவான பருவத்தைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. அப்படித் தேர்ந்தெடுப்பவர் காத்திருப்பதற்கான நாள்களையும் சேர்த்தே விலையை ஒப்பிட வேண்டும்.

அடுத்தது ஓதம். உலகின் பெரும்பாலான கரைகளில் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடங்களுக்கு ஒரு முறை கடல் ஏறி இறங்குகிறது. அதனால் ஒவ்வொரு நாளும் ஓத நேரம் சுமார் 50 நிமிடங்கள் தள்ளிப்போகிறது. இன்று காலை 6 மணிக்குத் தாழ் ஓதம் என்றால், நான்கு நாள்கள் கழித்து அது 9 மணி 20 நிமிடத்தை ஒட்டி வரும். ஒரு வாரம் கழித்து அதே காலை 6 மணிக்கு உயர் ஓதம் நிற்கும். அமாவாசை, பௌர்ணமி நாள்களை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான வேறுபாடு மிக அதிகமாக இருக்கும். பாறைக் குட்டைகளில் உள்ள உயிரினங்களைக் காண விரும்புவோருக்குத் தாழ் ஓதம் வேண்டும். அலையாத்திக் காட்டின் ஓடைகளுக்குள் படகில் செல்ல விரும்புவோருக்கு நீர் உயர்ந்திருக்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாமா, அல்லது பூங்காவுக்கு அருகில் ஓர் இரவு தங்கியே ஆக வேண்டுமா என்பதை இந்த அட்டவணைதான் சொல்லும்.

இது வெறும் இயற்கைப் பாடம் அன்று, பணத்தைத் தொடும் செய்தி. மலேசியாவின் சரவாக்கில் உள்ள பாக்கோ தேசியப் பூங்காவுக்குப் பயணிகள் படகில் போகிறார்கள். நீர் வற்றியிருக்கும்போது படகு கரையை நெருங்க முடியாமல், முழங்கால் தண்ணீரில் இறங்கி நடக்க நேர்வதுண்டு. நியூசிலாந்தின் ஏபெல் டாஸ்மன் பூங்காவின் கரையோர நடைபாதையில் அவாரோவா கழிமுகத்தைத் தாழ் ஓதத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பிருந்து இரண்டு மணி நேரம் பின்புவரை மட்டுமே கடக்க முடியும். அந்த நேரத்தைத் தவறவிடுபவர் அடுத்த வற்றத்துக்காகக் காத்திருக்க வேண்டும், அல்லது படகுக்குப் பணம் கொடுக்க வேண்டும். எனவே தங்குமிடத்தை முன்பதிவு செய்வதற்கு முன்பே, பயண நாள்களுக்குரிய ஓத நேரங்களைக் குறித்துவைத்துக்கொண்டு, எந்த நாளில் எந்தப் பக்கம் செல்வது என்பதை முடிவு செய்துவிட வேண்டும்.

செலவை மூன்றாகப் பிரித்தல்

நாள்கள் தெளிவான பிறகு செலவுகளை எழுதலாம். உணவு, போக்குவரத்து, தங்குமிடம் என்று பொருள்வாரியாகப் பிரிப்பதைவிட, எதைப் பொறுத்துச் செலவு கூடுகிறது என்பதைக் கொண்டு பிரிப்பதே இங்கு அதிகம் பயன்படும். நுழைவுக் கட்டணம், பயணச்சீட்டு, உணவு ஆகியவை ஆள் கணக்கில் கூடுபவை. அறை வாடகையும் உணவும் நாள் கணக்கில் கூடுபவை. படகு வாடகையும் வழிகாட்டியின் ஊதியமும் எத்தனை பேர் வந்தாலும் ஏறத்தாழ மாறாமல் நிற்பவை. கரையோரப் பூங்காவின் செலவுக் கணக்கு பிறழ்வது பெரும்பாலும் இந்த மூன்றாவது வகையில்தான்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். எண்களை எந்த நாணயமாகவும் எடுத்துக்கொள்ளலாம். இருவர் மூன்று இரவும் நான்கு பகலும் சென்றுவருகிறார்கள். அவற்றுள் இரண்டு நாள்கள் பூங்காவுக்குள் கழிகின்றன. போக்குவரத்து ஆளுக்கு 900 வீதம் 1,800. அறை இரவுக்கு 300 வீதம் 900. உணவு ஆளுக்கு நாளொன்றுக்கு 120 வீதம் 960. நுழைவு ஆளுக்கு நாளொன்றுக்கு 60 வீதம் 240. படகு நாளொன்றுக்கு 800 வீதம் 1,600. வழிகாட்டி நாளொன்றுக்கு 250 வீதம் 500. மொத்தம் 6,000, ஆளுக்கு 3,000. இதில் நுழைவுக் கட்டணம் நூற்றுக்கு நான்கு பங்கு. படகும் வழிகாட்டியும் சேர்ந்து நூற்றுக்கு முப்பத்தைந்து பங்கு. இதே பயணத்தை ஒருவர் தனியே மேற்கொண்டால் அவருக்கு 4,500 ஆகும். நால்வர் இரண்டு அறைகள் எடுத்துச் சென்றால் ஆளுக்கு 2,475 போதும். ஒருவர் இருவராகும்போது கிடைக்கும் சேமிப்பு மிகப் பெரியது. இருவர் நால்வராகும்போது அது வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. ஆகவே தனியே செல்பவர் அறை வாடகையில் சிறு தொகையை மிச்சப்படுத்தப் பாடுபடுவதைவிட, படகைப் பகிர்ந்துகொள்ள ஒருவரையேனும் கண்டுபிடிப்பதில் அந்த முயற்சியைச் செலவிடலாம். பூங்காவின் வாயிலாக அமைந்த ஊரில் முதல் நாள் மாலையே படகுத்துறைக்குச் சென்று விசாரித்தால், அடுத்த நாள் செல்லும் குழு ஏதேனும் அகப்பட வாய்ப்புண்டு. காலையில் போய்க் கேட்பவருக்குப் பெரும்பாலும் முழுப் படகின் விலைதான் சொல்லப்படும்.

படகுக்காரரிடம் விலை பேசும்போது ஒரு எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு திரும்பக் கூடாது. சொல்லப்பட்ட தொகை படகுக்கா ஆளுக்கா, திரும்பிவரும் பயணமும் அதில் அடங்குமா, கரையில் காத்திருக்கும் நேரத்துக்குத் தனிக் கட்டணம் உண்டா, வானிலை காரணமாகப் படகு ஓடாவிட்டால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா அல்லது வேறு நாளுக்கு மாற்றித் தரப்படுமா என்பவற்றைத் தெளிவாகக் கேட்டு, முடிந்தால் எழுத்திலும் பெற வேண்டும். ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி இல்லாத படகு எவ்வளவு மலிவாக இருந்தாலும் அதைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட வேண்டும். வெப்பமண்டலக் கரைகள் பலவற்றில் நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று வலுப்பதால் படகுகள் அதிகாலையிலேயே புறப்படுகின்றன. அந்த நேரத்துக்கு முன்னால் பேருந்தில் வந்துசேர முடியாதென்றால், முந்தைய இரவு அருகில் தங்குவதும் படகுச் செலவின் ஒரு பகுதியே. மாலையில் படகு திரும்பும் நேரத்துக்கும் கடைசிப் பேருந்துக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அது குறுகியதாக இருந்தால் வாடகைக் கார் ஒன்றுக்கான தொகையைக் கணக்கில் எழுதிவைப்பதே நேர்மையான கணக்கு.

கட்டணப் பலகையைப் படிப்பது

நுழைவுக் கட்டணம் சிறிது என்று சொன்னதற்கு விதிவிலக்குகள் உண்டு. எக்குவடோரின் கலாபகசுத் தீவுகளில் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கான கட்டணம் 2024 ஆகஸ்ட் 1 முதல் 100 அமெரிக்க டாலரிலிருந்து 200 டாலராக உயர்த்தப்பட்டது. அந்தத் தேதிக்கு முன்னர் எழுதப்பட்ட பயணக் குறிப்பை நம்பிக் கணக்குப் போட்ட நால்வர் குடும்பத்துக்கு எவ்வளவு இடித்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பிரேசிலின் பெர்னாண்டோ தெ நோரோன்யாத் தீவில், தங்கும் நாள்களின் எண்ணிக்கையைப் பொறுத்துக் கூடும் சுற்றுச்சூழல் வரி ஒன்றும், அதற்கு அப்பால் பூங்காவுக்கான நுழைவுச்சீட்டு ஒன்றும் வசூலிக்கப்படுகின்றன. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் சுற்றுலாப் படகு நிறுவனங்கள் பயணிகளிடம் ஒரு மேலாண்மைக் கட்டணத்தைச் சேர்த்து வாங்குகின்றன. விளம்பர விலையில் அது அடங்கியிருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரான்சின் கலாங்க் பூங்காவில் உள்ள சுஜித்தோன் கடற்குடாவுக்குக் கோடைக்காலத்தில் செல்லக் கட்டணம் ஏதுமில்லை, ஆனால் முன்பதிவு கட்டாயம். இடம் கிடைக்காதவருக்கு இலவசம் என்பதால் பயனில்லை.

கட்டணத்தைப் பூங்கா நிர்வாகத்தின் சொந்த இணையப் பக்கத்தில் மட்டுமே சரிபார்க்க வேண்டும். பார்க்கும்போது அது ஒரு நாளுக்கா, 24 மணி நேரத்துக்கா, ஒரு நுழைவுக்கா என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு நுழைவுக்கு என்றால் மதிய உணவுக்கு வெளியே வந்து மீண்டும் உள்ளே செல்வதற்கு இரண்டாம் முறை பணம் கட்ட நேரிடலாம். வெளிநாட்டினருக்குத் தனி விகிதம், தீவில் இறங்கும் கட்டணம், வாகன நிறுத்தக் கட்டணம், கேமரா கட்டணம், கட்டாய வழிகாட்டி ஆகியவை வேறு வரிகளில் ஒளிந்திருக்கும். கேமரா கட்டணத்துக்காக வாயிலில் நின்று வாதாடுவோர் எங்கும் உண்டு. அந்த ஆற்றலைக் கட்டாய வழிகாட்டியின் ஊதியம் குழுவுக்கா ஆளுக்கா என்று கேட்பதில் செலவிட்டால் பலன் அதிகம்.

தங்குமிடம், உணவு, தண்ணீர்

பூங்காவுக்குள் இருக்கும் எளிய விடுதிகளும் கூடார இடங்களும் வெளியிலுள்ள ஊர்களைவிட மலிவாக இருக்கக்கூடும். அங்கு தங்கினால் தினமும் படகில் சென்றுவரும் செலவும் இல்லாமல் போகும். ஆனால் அவை விரைவில் நிரம்பிவிடுவதால், மற்ற எதையும் பதிவு செய்வதற்கு முன் இவற்றைப் பதிவு செய்ய வேண்டும். சிறு தீவுகளில் நன்னீர் அரிது. அங்கு விற்கப்படும் உணவும் தண்ணீரும் படகில் ஏற்றிவந்த செலவைச் சுமந்தே விலையாகின்றன. உலர் உணவையும் போதிய குடிநீரையும் வாயில் ஊரிலேயே வாங்கிச் செல்வது சிக்கனம்தான், என்றாலும் சிறு படகுகளில் சுமைக்கு வரம்பு இருப்பதை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

கருவிகளும் காப்பீடும்

நீருக்கடியில் பார்க்க உதவும் முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் ஓரிரு நாள்களுக்கு மட்டும் என்றால் வாடகைக்கு எடுப்பதே போதும். முகத்துக்குப் பொருந்தாத கண்ணாடி அந்த நாளையே கெடுத்துவிடும் என்பதால், அடிக்கடி கடலில் இறங்குபவர் அதை மட்டுமாவது சொந்தமாக வைத்துக்கொள்ளலாம். நீர்புகாப் பை ஒன்று வாங்குவது ஒரு கைப்பேசியைக் காப்பாற்றினாலே விலையை மீட்டுத் தந்துவிடும். சன்ஸ்கிரீன் வாங்கும்போது அதன் உட்பொருள்களைப் பார்க்க வேண்டும். பவளங்களுக்குத் தீங்கு தருபவை என்று கருதப்படும் ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் ஆகியவை கலந்தவற்றின் விற்பனையை ஹவாய் மாநிலம் 2021 தொடக்கத்திலிருந்து தடை செய்துள்ளது. பலாவு நாடு 2020இலேயே இத்தகைய தடையைக் கொண்டுவந்தது. முழுக்கை நீச்சல் சட்டை இருந்தால் களிம்பின் தேவையே பாதியாகக் குறையும்.

காற்றுக்கலனுடன் ஆழத்தில் முக்குளிக்கத் திட்டமிடுவோர் ஒரு செலவை மறந்துவிடுகிறார்கள். முக்குளித்த பின் உடனே விமானத்தில் ஏறக் கூடாது; ஒரே ஒரு முறை முக்குளித்தவர் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை முக்குளித்தவர் குறைந்தது 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் பரிந்துரை. ஆகவே கடைசி நாளில் முக்குளிக்கவே கூடாது, அல்லது கூடுதலாக ஓர் இரவுக்குப் பணம் ஒதுக்க வேண்டும். பயணக் காப்பீட்டில் முக்குளிப்பும் படகுப் பயணமும் விலக்கப்பட்டிருக்கின்றனவா, தீவிலிருந்து மருத்துவமனைக்கு அப்புறப்படுத்தும் செலவு அதில் அடங்குமா என்று பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்ன இந்தச் செலவு ஒன்றே முழுப் பயணத்தின் செலவையும் பல மடங்கு மிஞ்சக்கூடியது.

காத்திருப்புக்கான ஒதுக்கீடு

எதிர்பாராச் செலவுக்கு மொத்தத்தில் பத்து விழுக்காட்டை ஒதுக்கச் சொல்வது வழக்கம். கடலோரத்தில் அப்படி ஒதுக்குவதைவிட, ஒரு நாள் கூடுதலாகத் தங்கினால் என்ன ஆகும் என்று நேரடியாகக் கணக்கிடுவதே பொருத்தமானது. மேலே காட்டிய எடுத்துக்காட்டில் அது அறைக்கு 300, உணவுக்கு 240 என 540 ஆகும். படகின் முன்பணம் திரும்பக் கிடைக்காதென்றால் 800ஐயும் சேர்க்க வேண்டும். அதோடு பயணச்சீட்டை மாற்றும் கட்டணமும் சேரும். அமைதியான பருவத்தில் சிறு பயணத்துக்கு இத்தகைய ஒரு நாள் போதும்; பருவம் மாறும் வாரங்களில் இரண்டு நாள்களுக்கு ஒதுக்குவது நல்லது. தீவிலிருந்து திரும்பும் நாளிலேயே நாடு திரும்பும் விமானத்தைப் பதிவு செய்பவரை இந்த ஒதுக்கீடு எப்படிப் போட்டாலும் காப்பாற்றாது. இரண்டுக்கும் இடையில் ஓர் இரவையாவது கரையில் கழிக்க வேண்டும். பூங்காவுக்குச் செல்லும் நாள்களைப் பயணத்தின் முற்பகுதியில் வைத்துக்கொண்டால், வானிலை கெட்டாலும் பிற நாள்களோடு மாற்றிக்கொள்ள வழி இருக்கும்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு கட்டணப் பக்கத்தையும், வானிலை முன்னறிவிப்பையும், படகுக்காரரின் உறுதிமொழியையும் மீண்டும் ஒரு முறை சரிபார்த்து, மாறியிருக்கும் எண்களைத் திருத்திக்கொள்ள வேண்டும். சில பூங்காக்களின் வாயிலில் அட்டையை மட்டுமே ஏற்கிறார்கள். படகுத்துறையிலோ பெரும்பாலும் ரொக்கம்தான் செல்லும், பணம் எடுக்கும் இயந்திரமும் அருகில் இருக்காது. காத்திருப்பு நாளுக்கான தொகையையும் சேர்த்துச் சிறு மதிப்புத் தாள்களாக ரொக்கம் எடுத்துக்கொண்டு, அதை இரண்டாகப் பிரித்து, நீர் புகாத உறைகளில் இட்டு, இரு வேறு பைகளில் வைத்துக்கொள்ளவும்.