கார்க் கண்ணாடிக் கைப்பிடி: பழுது பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாருதி 800 காரின் தயாரிப்பு 1983ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முடிந்தது. அதே 2014இல் அம்பாசிடரும் நின்றுபோனது; பிரீமியர் பத்மினி அவற்றுக்கு முன்பே விடைபெற்றுவிட்டது. ஆயினும் இவற்றில் நல்ல நிலையில் உள்ள வண்டிகளைத் தேடிப்பிடித்து வாங்கி, விடுமுறை நாள்களில் தாமே பழுது பார்க்கும் இளைஞர்கள் பெருகியிருக்கிறார்கள். எஞ்சினையும் கார்புரேட்டரையும் பயபக்தியோடு அணுகும் இவர்கள், கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடி வெறுமனே சுற்றுகிறது என்றால் மட்டும் அதை ஐந்து நிமிட வேலை என்று எண்ணிவிடுகிறார்கள். பட்டறையில் தொழில் பழகிய காலத்தில் நாங்கள் செய்து திட்டு வாங்கிய அதே தவறுகளை இவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். கைதாங்கியின் திருகைக் கழற்ற மறப்பது, கழற்றிய திருகுகளைத் தொலைப்பது போன்றவற்றைச் சொல்லப்போவதில்லை. அவை ஒருமுறை நடந்தால் மறுமுறை நடக்காது.

உடைந்தது கைப்பிடி என்பதால் பழுதும் கைப்பிடியில்தான் என்று நம்புவது

கதவுக்குள் இருந்து கண்ணாடியை ஏற்றி இறக்கும் மெஷினிலிருந்து ஒரு சிறிய தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் நுண்ணிய பற்கள் வெட்டப்பட்டிருக்கும். கைப்பிடியின் துளைக்குள்ளும் அவற்றுக்கு இணையான பற்கள் உண்டு. கைப்பிடி கழன்று வராமல் ஒரு கம்பி லாக் பிடித்துக்கொள்கிறது. கண்ணாடியின் இரு ஓரங்களும் ரப்பரோ கம்பளித் துணியோ பதித்த சேனலுக்குள் வழுக்கி ஏறி இறங்குகின்றன.

அந்தச் சேனல் பல கோடைகளின் வெயிலில் காய்ந்து, புழுதி ஏறி, விறைத்துப்போகும்போது கண்ணாடியை இறுக்கிப் பிடிக்கத் தொடங்குகிறது. ஓட்டுநர் தம்மை அறியாமலேயே ஒவ்வொரு மாதமும் சற்றுக் கூடுதலான விசையோடு சுற்றுகிறார். அந்த விசை முழுவதையும் தாங்க வேண்டிய இடங்களில் மிகவும் பலவீனமானது கைப்பிடியின் பிளாஸ்டிக் பற்கள்தான் என்பதால் அவையே முதலில் தேய்கின்றன. சேனலைத் தொடாமல் புதிய கைப்பிடியை மட்டும் மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும். உலோக உள்வளையம் பதித்த தரமான கைப்பிடியை மாட்டினால் நிலைமை இன்னும் மோசமாகலாம்; ஏனெனில் அப்போது தேயப்போவது சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் கைப்பிடி அல்ல, மெஷினின் தண்டு.

எனவே முதலில் செய்ய வேண்டியது, நன்றாக வேலை செய்யும் மற்றொரு கதவின் கைப்பிடியைக் கழற்றி இந்தக் கதவில் மாட்டிப் பார்ப்பதாகும். அது கவ்வி இலகுவாகச் சுற்றினால் பழுது கைப்பிடியோடு முடிந்தது. அது கவ்வினாலும் கண்ணாடி முக்கி முனகி ஏறினால் சேனலையும் மெஷினையும் பார்க்க வேண்டும். அதுவும் வழுக்கினால் தண்டின் பற்கள் போய்விட்டன. தண்டு ஒழுங்காகச் சுற்றியும் கண்ணாடி அசையவில்லை என்றால் மெஷினின் கேபிள் அறுந்திருக்கலாம், அல்லது கண்ணாடியின் அடிப்பட்டை கழன்றிருக்கலாம்.

லாக் இருக்கும் இடம் தெரியாமல் நெம்புவது

கைப்பிடியைப் பிடித்திருப்பது எது என்பது வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றில் நடுவில் உள்ள சிறு மூடிக்கு அடியில் திருகு இருக்கும். சில பழைய வண்டிகளில் கைப்பிடியின் கழுத்தில் குறுக்காக ஓர் ஊசி செருகப்பட்டிருக்கும். மாருதி 800 போன்ற சுசுகி வழி வண்டிகளில் கைப்பிடியின் பின்புறம் வில்போல் வளைந்த கம்பி லாக் உண்டு. இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. ஒரு பருத்தித் துணியைக் கைப்பிடிக்கும் அதன் பின்னுள்ள பிளாஸ்டிக் வளையத்துக்கும் நடுவே செருகி, இரு முனைகளையும் பிடித்து, செருப்புக்குப் பாலிஷ் போடுவதுபோல் இடமும் வலமும் இழுத்தால் துணியின் இழை லாக்கின் முனையில் மாட்டி அதை வெளியே தள்ளிவிடும். தள்ளும் வேகத்தில் அது பறந்து இருக்கைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும் என்பதால், பக்கத்தில் ஒருவரை உள்ளங்கையை மேலே வைத்துக்கொள்ளச் சொல்வது நல்லது. ஸ்குரூ டிரைவரால் நெம்புகிறவர்கள், கதவின் உட்பக்கத்தை மூடியிருக்கும் டோர் பேடில் ஒரு பிறை வடிவப் பள்ளத்தை நிரந்தரமாக விட்டுச் செல்கிறார்கள்.

எம்-சீல் வைத்து ஒட்டுவது

இந்தத் தவறைக் காணும்போது மட்டும் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. கைப்பிடியின் பற்கள் தேய்ந்து வழுக்கத் தொடங்கியதும், வீட்டில் தண்ணீர்க் குழாய்க்கு வாங்கி மீதமிருக்கும் எம்-சீலைப் பிசைந்து, துளைக்குள் திணித்து, கைப்பிடியைத் தண்டின்மேல் அழுத்தி, ஓர் இரவு காயவிடுகிறார்கள். மறுநாள் கண்ணாடி ஏறுகிறது. செலவே இல்லாமல் வேலை முடிந்துவிட்டதாக மகிழ்ச்சி அடைகிறார்கள். எம்-சீல் தன் வேலையைக் குறைவின்றிச் செய்கிறது என்பதுதான் இங்கே சிக்கல். ஒரு கதவின் உட்புறத்தை எந்தப் பழுதுக்காகத் திறந்தாலும் கைப்பிடியைக் கழற்றியே டோர் பேடை எடுக்க முடியும். கைப்பிடியை ஒட்டிவிட்டவர் கதவையே உள்ளிருந்து பூட்டிச் சாவியையும் எறிந்துவிட்டார் என்றுதான் கொள்ள வேண்டும்.

சென்ற மழைக்காலத்தில் அப்படி ஒட்டப்பட்ட கதவு ஒன்று என்னிடம் வந்தது. மாருதி 800, ஓட்டுநர் பக்கக் கதவு. கண்ணாடி பாதி இறங்கிய நிலையில் நின்றுவிட்டது. திறந்திருந்த பகுதியில் உரச்சாக்கின் பிளாஸ்டிக்கை வெட்டி ஒட்டியிருந்தார் உரிமையாளர். கைப்பிடியின் அடியில் சாம்பல் நிறப் பசை பிதுங்கிக் காய்ந்து நின்றது. அதை வழித்துவிட்ட விரலின் ரேகைகூட அதில் தெளிவாகப் பதிந்திருந்தது. பிதுங்கிய பசை பின்னாலிருந்த வளையத்தையும் டோர் பேடின் ரெக்சினையும் சேர்த்துப் பிடித்திருந்ததால், கைப்பிடியை அசைத்தால் கதவின் உட்பூச்சு முழுவதும் சேர்ந்து முறுகியது. கம்பி லாக்கும் அந்தக் கட்டிக்குள்தான் எங்கோ புதைந்திருந்தது.

எம்-சீல் போன்ற எபாக்சிப் பசை நல்ல சூட்டில் இளகும். ஆனால் ஹாட் ஏர் கன்னை அங்கே காட்டினால் பசைக்கு முன்பே ரெக்சின் சுருங்கிவிடும். ஆகவே பக்கவெட்டுக் குறடால் கைப்பிடியின் பிளாஸ்டிக்கைத் துண்டு துண்டாகக் கடித்து எடுத்துவிட்டு, ரெக்சினைக் காப்பாற்ற ஒரு தகரத் துண்டை அடியில் செருகி, தண்டின் நுனியில் சால்டரிங் அயனை வைத்துச் சூடேற்றி, இளகிய பசையைச் சிறு கத்தியால் சுரண்டிக்கொண்டே வர வேண்டியிருந்தது. ஒரு முழுக் காலைப்பொழுது அதற்கே போனது. பசை போன பிறகு பார்த்தால் தண்டில் பற்களே இல்லை. கைப்பிடி முதலில் வழுக்கிய நாள்களிலேயே பாதி தேய்ந்திருந்த பற்களை, பசை உள்ளே விட்டுக் கொடுத்த பின்பும் ஓங்கிச் சுற்றிச் சுற்றி மீதியையும் மழுங்கடித்துவிட்டார்கள். தண்டு மட்டும் தனியாகக் கிடைக்காது என்பதால் மெஷினையே மாற்ற வேண்டியதாயிற்று. கிழிந்த ரெக்சினுக்காக டோர் பேடும் வாங்க வேண்டியிருந்தது.

இதில் என்னை மிகவும் எரிச்சலூட்டியது டோர் பேடை எடுத்த பிறகு கண்டதுதான். பழைய மெஷினில் தண்டைத் தவிர வேறெந்தக் குறையும் இல்லை. பின்புறச் சேனலின் ரப்பர் மட்டும் கருவாடுபோல் விறைத்து, அதன் அடிப்பகுதியில் விரலால் அள்ளும் அளவுக்கு மண் சேர்ந்திருந்தது. தொடக்கத்திலேயே யாராவது கதவைத் திறந்து அந்த ஒரு சேனலைச் சுத்தம் செய்திருந்தால், அல்லது மாற்றியிருந்தால், ஒரு கைப்பிடியோடு செலவு முடிந்திருக்கும். உரிமையாளரிடம் இதைச் சொன்னபோது அவர், "இத்தனை நாள் ஓடியது அல்லவா?" என்றார். ஓடியதுதான், அந்த நாள்களில்தான் மெஷின் செத்தது.

தண்டின் பற்கள் உண்மையிலேயே தேய்ந்துவிட்டால் பசையின்றிச் செய்யக்கூடியவை சில உள்ளன. பெரும்பாலும் தண்டின் வெளி நுனிதான் தேய்ந்திருக்கும். உள்ளே சில மில்லிமீட்டர் தூரத்துக்குப் பற்கள் கூர்மையாகவே இருக்கும். பின்னாலுள்ள வளையத்தைக் கழற்றிவிட்டோ மெல்லியதாக மாற்றியோ கைப்பிடியைச் சற்று ஆழமாக உட்கார வைத்தால், லாக்கும் தன் பள்ளத்தில் விழுமானால், அது நல்ல பற்களைக் கவ்விக்கொள்ளும். அதுவும் முடியாதபோது, குளிர்பான டப்பாவிலிருந்து வெட்டிய மெல்லிய தகட்டைத் தண்டைச் சுற்றி வைத்துக் கைப்பிடியை அழுத்தினால் மெஷின் கிடைக்கும்வரை சில வாரங்கள் தாங்கும். இது நிரந்தரத் தீர்வு அன்று. ஆனால் நாளை கழற்ற முடியும்.

பிளேயரால் தண்டைத் திருகுவது

மற்றக் கதவின் கைப்பிடியைக் கழற்றி மாட்டுங்கள். பிளேயரின் பல், தண்டின் பல்லைத் தின்றுவிடும்.

தோற்றத்தைப் பார்த்துக் கைப்பிடி வாங்குவது

சென்னையில் புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ கேட்டால் பார்ப்பதற்கு ஒன்றுபோல இருக்கும் பல கைப்பிடிகளை எடுத்துப் போடுவார்கள். துளையின் விட்டமும் பற்களின் எண்ணிக்கையும் வேறுபட்டிருக்கும். சற்றே பெரிய துளை முதல் வாரம் கவ்வும், அடுத்த வாரம் வழுக்கும். பழைய கைப்பிடியை எடுத்துச் சென்று ஒப்பிட்டு வாங்க வேண்டும். முடிந்தால் கடை வாசலிலேயே மாட்டிப் பார்க்க வேண்டும்.

தாங்கல் இல்லாமல் கண்ணாடியைக் கழற்றுவது

மெஷினிலிருந்து கண்ணாடியைப் பிரிக்கும் முன் அதை மேலே ஏற்றி, கதவுச் சட்டத்தின் இரு பக்கமும் சேர்த்து அகலமான டேப்பை ஒட்டித் தொங்கவிட வேண்டும். கதவுக் கண்ணாடி கடினமாக்கப்பட்ட வகையைச் சேர்ந்தது. அதன் பரப்பில் கையால் ஓங்கி அடித்தாலும் தாங்கும். ஆனால் விளிம்பு கதவின் இரும்பில் மோதினால் ஒரு நொடியில் கற்கண்டுத் துகள்களாக உதிர்ந்துவிடும். அந்தத் துகள்களைக் கதவின் அடியிலிருந்து முழுமையாக எடுப்பது நடக்காத காரியம். அடுத்து வரும் பல மாதங்களுக்கு ஒவ்வொரு முறை கதவைச் சாத்தும்போதும் அவை சலங்கை கட்டி ஆடும்.

கண்ணாடி தனியாகவும் மெஷின் தனியாகவும் இருக்கும் இந்த வேளையை வீணாக்கிவிடக் கூடாது. கண்ணாடியை இரு உள்ளங்கைகளாலும் பிடித்து மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். பிறகு கைப்பிடியைத் தண்டில் வைத்து மெஷினை மட்டும் சுற்றிப் பாருங்கள். எது இறுகுகிறதோ அதில்தான் வேலை இருக்கிறது. மெஷின் இரண்டு விரல்களின் விசையில் சுற்ற வேண்டும்.

சுருள் ஸ்பிரிங்கை அவிழ்ப்பது

சில மெஷின்களில் கண்ணாடியின் எடையைச் சமன் செய்யக் கடிகாரச் சுருள் போன்ற கனத்த ஸ்பிரிங் இருக்கும். மெஷினின் பற்கள் வெட்டிய பட்டையைப் போல்ட் போட்டு அசையாமல் நிறுத்தாமல் அதைத் தொட்டால் விரல் போகும்.

தேங்காய் எண்ணெய் விடுவது

எண்ணெயும் கிரீஸும் சேனலுக்குள் இட வேண்டியவை அல்ல. முதல் நாளன்று கண்ணாடி வழுக்கிக்கொண்டு ஏறும்; அதற்குப் பிறகு தெருப் புழுதி முழுவதும் அதில் ஒட்டி, உப்புத்தாளாக மாறிக் கண்ணாடியின் ஓரத்தை ராவும். பெட்ரோலிய கிரீஸ் ரப்பரை ஊதிப்போகச் செய்து, பிடிப்பை இன்னும் அதிகமாக்கும். சேனலைத் துணியால் துடைத்து, சோப்பு நீரால் கழுவி, நன்றாக உலர்ந்த பின் சிலிக்கான் ஸ்பிரே அடிக்க வேண்டும். ரப்பர் விரல் நகத்துக்கு அழுந்தாத அளவு விறைத்திருந்தால் எந்த ஸ்பிரேயும் பயன்படாது. மாற்றியே ஆக வேண்டும். கிரீஸின் இடம் மெஷினின் பற்சக்கரமும் உருளையும் மட்டுமே. அங்கும் மெல்லிய பூச்சு போதும்.

பிளாஸ்டிக் தாளைக் கிழித்து எறிவது

டோர் பேடுக்குப் பின்னால் கதவின் இரும்பில் கருப்புப் பசையால் ஒட்டப்பட்டிருக்கும் பிளாஸ்டிக் தாளைப் பொட்டலம் கட்டிய தாள் என்று எண்ணிப் பலர் கிழித்துவிடுகிறார்கள். மழைநீர் கண்ணாடிக்கும் வெளிப்புற ரப்பர் பட்டையான பீடிங்குக்கும் இடையே கதவுக்குள் இறங்குவது இயல்பானது. கீழே உள்ள துளைகள் வழியாக அது வெளியேறும்படிதான் கதவை வடிவமைத்திருக்கிறார்கள். அந்த நீர் உள்ளே சிதறாமல் தடுப்பது இந்தத் தாள். அது போனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் டோர் பேடின் அட்டை ஊறி உப்பும், தரைவிரிப்பு நனையும், அதற்கடியில் தரைத் தகடு சத்தமில்லாமல் துருப்பிடிக்கும். தாள் கிழிந்திருந்தால் கனமான பாலித்தீன் தாளை அதே அளவுக்கு வெட்டி ஒட்டலாம். கதவு திறந்திருக்கும்போதே அடித்துளைகளில் அடைத்திருக்கும் சேற்றையும் ஒரு கம்பியால் குத்தி எடுத்துவிட வேண்டும்.

கைப்பிடியைக் கண்ட கோணத்தில் மாட்டுவது

கண்ணாடியை முழுவதும் ஏற்றிய நிலையில், எதிர்க் கதவின் கைப்பிடி எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதே பக்கம் பார்க்கும்படி இதையும் மாட்ட வேண்டும். இல்லையென்றால் குமிழ் ஓட்டுநரின் முழங்காலில் இடித்துக்கொண்டே இருக்கும். லாக்கைக் கைப்பிடி மாட்டிய பிறகு செருக முயல்கிறவர்கள் அரைமணி நேரம் போராடுகிறார்கள். முதலில் லாக்கைக் கைப்பிடியின் பள்ளத்தில் பொருத்திவிட்டு, பற்களை நேராக்கி, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினால் அது 'டிக்' என்ற ஓசையோடு உட்காரும். பின்பு கைப்பிடியைத் தன் பக்கம் இழுத்துப் பார்க்க வேண்டும். கையோடு வந்துவிட்டால் லாக் பள்ளத்தில் விழவில்லை என்று பொருள், எடுத்து மறுபடியும் பொருத்த வேண்டும்.