நாண் முன்கையில் அடிக்கிறதா? வில்லைப் பிடிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை விடுமுறைப் பயிற்சி தொடங்கி ஒரு வாரம் ஆவதற்குள், புதிதாக வில்லெடுத்தவர்களில் பலருக்கு முன்கையின் உட்புறம் கன்றிச் சிவந்து, பிறகு நீலம் பாரித்துவிடுகிறது. நாங்கள் பழகத் தொடங்கிய காலத்தில் செய்த பிழைகளையே இவர்களும் ஆண்டுதோறும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். கைக்காப்பு அணிய வேண்டும், தொளதொளத்த சட்டைக்கை கூடாது என்பவை முதல் நாளிலேயே சொல்லப்படுபவை. அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். கீழே உள்ளவை இடக்கையில் ரிகர்வ் வில்லை (முனைகள் எய்பவருக்கு எதிர்ப்புறமாக வளைந்த வில்லை)ப் பிடித்து வலக்கையால் நாணை இழுப்பவர்களுக்கானவை. இடக்கைப் பழக்கமுள்ளவர்கள் பக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

விரல்களிலிருந்து விடுபடும் நாண் நேர்கோட்டில் முன்னோக்கிப் பாய்வதில்லை. அது விரல் நுனிகளைத் தாண்டும்போது சற்றே இடப்புறம் ஒதுங்கி, பிறகு வலப்புறம் திரும்பி, நெளிந்துகொண்டே முன்னேறுகிறது. முன்கை இருப்பதும் அதே இடப்புறத்தில்தான் என்பதால், கைக்கும் நாணுக்கும் இடையில் இந்த நெளிவுக்குப் போதிய இடம் விட்டாக வேண்டும். அந்த இடத்தை அடைத்துக்கொள்வது பெரும்பாலும் வில்லைப் பிடித்திருக்கும் கைதான்.

முழு உள்ளங்கையால் இறுகப் பிடித்தல்

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். வில்லின் கைப்பிடியைக் கிரிக்கெட் மட்டையைப் பிடிப்பது போல ஐந்து விரல்களும் சுற்றிவரப் பற்றினால், உள்ளங்கையின் அடிப்பகுதி முழுவதும் பிடியின் குறுக்கே வந்து படிகிறது. அதனால் மணிக்கட்டு உள்நோக்கி மடங்கி, முழங்கையின் மடிப்பு வானம் பார்த்து, முன்கையின் சதைப்பற்றான பகுதி நாண் வரும் வழியிலேயே வந்து நிற்கிறது. அதோடு, நாணை விடும் கணத்தில் வில் கீழே விழுந்துவிடுமோ என்ற அச்சத்தில் பிடி மேலும் இறுகும். அந்த இறுக்கம் வில்லைத் திருக, நாணும் அம்பும் திசை மாறும்.

சரியான பிடியைக் கற்க வில்லே தேவையில்லை. எதிரே வருபவரை நிறுத்தக் கையை நீட்டுவது போல இடக்கையை நீட்டி, கட்டைவிரல் ஏறக்குறைய இலக்கை நோக்கும்படியும் விரல் முட்டிகளின் வரிசை சுமார் 45 பாகை சாய்ந்திருக்கும்படியும் கையைத் திருப்புங்கள். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட கவட்டை பிடியின் குழிவில் பொருந்த வேண்டும். வில்லின் அழுத்தம் முழுவதும் ஆயுள் ரேகைக்கும் கட்டைவிரலுக்கும் நடுவிலுள்ள மேட்டில் மட்டுமே இறங்க வேண்டும். ரேகைக்கு மறுபுறம் உள்ள சதை பிடியைத் தொடவே கூடாது. மற்ற விரல்கள் வேலையில்லாமல் தளர்ந்து கிடக்கட்டும். வில் விழும் என்ற அச்சத்துக்கு மருந்து ஃபிங்கர் ஸ்லிங் எனப்படும் சிறு கயிற்று வளையம். கட்டைவிரலையும் பக்கத்து விரலையும் இணைத்து வில்லின் முன்புறமாகப் போட்டுக்கொண்டால், முன்னோக்கித் துள்ளும் வில்லை அதுவே தாங்கும். பழைய ஷூ லேஸிலேயே அதைக் கட்டிக்கொள்ளலாம்.

இந்தத் தவறு எவ்வளவு செலவு வைக்கும் என்பதற்கு, எங்கள் களத்துக்கு வந்த நடுத்தர வயதுக்காரர் ஒருவர் நல்ல சாட்சி. நாண் அடித்ததும் அவர் பிடியை மாற்றவில்லை; மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு மேல்வரை மறைக்கும் நீளமான கைக்காப்பு ஒன்றை வாங்கினார். வலி நின்றது, அடி நிற்கவில்லை. பத்து மீட்டரில் அம்புகள் ஓரளவு குவிந்ததால் எல்லாம் சரியாகிவிட்டதாக நம்பி முப்பது மீட்டருக்குப் போனார். அங்கே அம்புகள் சிதறின. குறிகாட்டியை நகர்த்தினார், அம்புத் தொகுதியை மாற்றினார், கடைசியில் வில்லின் கிளைகளையே, அதாவது கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதிகளையே, புதிதாக வாங்கினார். அந்தக் கைக்காப்பின் மேல் முகப்பவுடரைத் தூவி ஓர் அம்பு விடச் சொன்னபோது, வெள்ளைப் பூச்சின் நடுவே நாண் தேய்த்த கோடு தெளிவாகத் தெரிந்தது. மூன்று செலவுகளில் ஒன்றுகூடத் தேவைப்பட்டிருக்கவில்லை.

தொலைவு கூடும்போது பிழை பெரிதாவதற்குக் காரணம் எளிய கணக்குதான். ஒரு பாகை விலகல் பத்து மீட்டரில் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர்; ஒலிம்பிக் தொலைவான 70 மீட்டரில் அதே ஒரு பாகை ஏறத்தாழ 1.2 மீட்டர். அங்கே வைக்கப்படும் இலக்குத் தாளின் விட்டமே 122 சென்டிமீட்டர்தான் என்பதால், நடுவைக் குறிவைத்த அம்பு தாளையே தொடாமல் போய்விடும்.

விராட நகரில் பிருகன்னளையாக மறைந்து வாழ்ந்த அர்ச்சுனன் நாண் தழும்புகளை வளையல்களால் மறைத்துக்கொண்ட கதையைக் காட்டி, தழும்பில்லாத வில்லாளி உண்டா என்று என்னிடம் வாதிட்டவர்கள் உண்டு. ஆயுள் முழுவதும் இரு கைகளாலும் எய்தவனின் தழும்புக்கும், முதல் வாரத்திலேயே பிடியின் கோளாற்றால் கன்றிப்போன முன்கைக்கும் தொடர்பில்லை என்பதே அவர்களுக்கு என் பதில்.

முழங்கையைத் திருப்பாமல் விறைப்பாக நீட்டுதல்

பிடி சரியான பிறகும் அடி தொடர்ந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது முழங்கையை. தோள் உயரத்தில் உள்ளங்கையைச் சுவரில் ஊன்றி, கையை அசைக்காமல் முழங்கையை மட்டும் சுழற்றிப் பாருங்கள். வானம் பார்த்த மடிப்பு பக்கவாட்டுக்குத் திரும்பும்போது முன்கை நாணின் பாதையிலிருந்து விலகுவது கண்ணுக்கே தெரியும். குழந்தைகளிலும் பெண்களிலும் பலருக்கு முழங்கை நேர்க்கோட்டையும் கடந்து பின்னோக்கி வளையும் என்பதால், அவர்களுக்கு இந்தப் பயிற்சி மற்றவர்களைவிட அவசியம். கையை மடக்கிக்கொண்டு எய்யச் சொல்லும் ஆலோசனை மட்டும் வேண்டாம். அடி நிற்கலாம், ஆனால் மடக்கும் அளவு ஒவ்வொரு முறையும் மாறுவதால் இழுக்கும் நீளமும் மாறி, அம்புகள் மேலும் கீழுமாகச் செல்லும்.

இடத்தோளைத் தூக்குதல்

பெரும்பாலும் வில் உங்கள் வலிமைக்கு மிஞ்சியது என்பதன் அடையாளம். இழுக்கக் குறைந்த விசை போதுமான வில்லுக்கு மாறுங்கள்.

நாணைப் பிய்த்து விடுதல்

விரல்களைத் தளர்த்தினால் நாண் தானாகப் போகும். கையை வெளிப்புறம் வீசினால் அதன் பக்கவாட்டு நெளிவு அதிகமாகும்.

நாண் இடைவெளியை அளக்காமல் விடுதல்

பிடியின் ஆழமான இடத்துக்கும் இழுக்கப்படாத நாணுக்கும் உள்ள தொலைவு குறைந்தால், நாண் நிற்பதற்கு முன் அதிக தூரம் முன்னே வந்து மணிக்கட்டருகே அடிக்கும். 68 அங்குல ரிகர்வ் வில்லுக்கு இது பொதுவாக 8.5 முதல் 9 அங்குலம் வரை இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் நாணைக் கழற்றிச் சில முறுக்குகள் கூட்ட வேண்டும். நாண் குறுகி, இடைவெளி உயரும்.

கன்றிய கையோடு தொடர்ந்து எய்தல்

அடி வாங்கிய கை அடுத்த அடியை எதிர்பார்த்து, நாண் விடுபடும் முன்பே சுருங்கும். பிடியும் பழையபடி இறுகும். அன்றைய பயிற்சியை அத்துடன் நிறுத்திவிட வேண்டும். வீக்கம் வடிந்த பிறகு, இழுக்க மிக இலகுவான வில்லை எடுத்துக்கொண்டு, இலக்குத் தாள் ஒட்டாத வெறும் தடுப்பை ஐந்து மீட்டர் தொலைவில் வைத்து, அம்பு எங்கே தைக்கிறது என்று பாராமல், அழுத்தம் கட்டைவிரல் மேட்டில் இறங்குகிறதா என்பதை மட்டுமே கவனித்து எய்யத் தொடங்குங்கள்.