சோவெட்டோ டெர்பிக்குப் போகிறீர்களா? குடையை விட்டுவிடுங்கள்

தென்னாப்பிரிக்காவின் சோவெட்டோ கால்பந்து அணிகளான கைசர் சீஃப்ஸும் ஒர்லாண்டோ பைரட்ஸும் மோதும் டெர்பி நாளில் ஜோகன்னஸ்பர்க் வானத்தை நம்பாதீர்கள். கோடையில் காலை வெயில் கொளுத்தும். சரி, இன்று தப்பித்தோம் என்று நினைப்போம். பிற்பகலில் இடி, மின்னல், சில நாள் ஆலங்கட்டியும் சேர்ந்து வரும்.

நகரின் தெற்கே உள்ள லெனேசியாவிலிருந்து, ஆட்டம் நடக்கும் எஃப்.என்.பி. மைதானம் பக்கம்தான் என்று டி-ஷர்ட்டோடு கிளம்பி, தொப்பலாக நனைந்து வந்திருக்கிறேன். அங்கே 94,000 பேருக்கு மேல் உட்காரலாம். ஆனால் கூரை முன்வரிசைகள் வரை எட்டாது. டிக்கெட் வாங்கும்போதே மேலே, பின்வரிசையாகப் பாருங்கள். குடை விரித்தால் பின்னால் இருப்பவர் திட்டுவார், அதுவும் கோல் விழும் நேரத்தில்! தலை மூடும் பிளாஸ்டிக் மழைக்கோட்டு போதும். நிறமில்லாமல் கண்ணாடி போல இருப்பதாக வாங்கினால் உள்ளே போட்டிருக்கும் சீஃப்ஸ் மஞ்சள் தெரியும். (பைரட்ஸ்காரர்கள் மன்னிக்கவும், எங்கள் அப்பா வழியில் நானும் சீஃப்ஸ் பக்கம்.) போனை ஜிப் வைத்த பையில் போடுங்கள். காரில் ஒரு ஜோடி காய்ந்த காலுறை இருக்கட்டும்.

மின்னலை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள். மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள். 30 விநாடிக்குள் இடி கேட்டால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கார் நிறுத்துமிடத்தில் இருந்தால் உடனே காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றுங்கள், மரத்தடி வேண்டாம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்து இறங்குங்கள். முதல் கோல் போனால் போகட்டும், இரவு ஹைலைட்ஸில் பார்த்துக்கொள்ளலாம்.