கரிஃபுனா மேளம் கற்க ஹாப்கின்ஸ் போங்கள்

மத்திய அமெரிக்காவில் உள்ள பெலீஸ் நாட்டுக்குப் போகிறவர்கள் ஹாப்கின்ஸ் கிராமத்தில் ஒரு மாலையையாவது கரிஃபுனா மேளத்துக்கு ஒதுக்குங்கள். ஆப்பிரிக்கர்களும் கரீபியப் பூர்வகுடிகளும் கலந்த வழிவந்தவர்கள் கரிஃபுனா மக்கள். 'லெபேஹா' என்ற மேளப் பயிற்சி நிலையம் அங்கேதான் இருக்கிறது. பக்கத்து டாங்க்ரிகா நகரிலும் மேளக்காரர்கள் உண்டு.

மேளங்கள் இரண்டு: பிரிமேரா, செகுண்டா. பார்த்ததும் எல்லோருக்கும் பிரிமேராமேல்தான் ஆசை வரும். ஆடுபவரின் கால் போகும் போக்கைப் பிடித்து, அந்தந்த நொடியில் புதிது புதிதாக வாசிப்பது அது. ஆனால் நீங்கள் செகுண்டாவில் தொடங்குங்கள். மாறாத அடி அதில்தான் இருக்கிறது; அது கையில் ஊறாமல் பிரிமேரா பிடிபடாது. முதல் வகுப்பில் புந்தா தாளம் மட்டும் போதும். பரந்தா, ஹுங்குஹுங்கு போன்ற மற்றத் தாளங்கள் எல்லாம் அப்புறம்.

குச்சி கிடையாது, வெறும் கைதான். அதனால் மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள். மேளத்தோலுக்கும் நல்லது, விரலுக்கும் நல்லது.

நவம்பர் 19 கரிஃபுனா குடியேற்ற நாள்; கரிஃபுனா மக்கள் பெலீஸுக்கு வந்து குடியேறியதைக் கொண்டாடும் நாள். மேளம் கேட்க அருமையான சமயம். நிதானமாகக் கற்க அதற்குச் சில நாட்கள் முன்பே போய்விடுங்கள். மேளம் முழங்கும் 'துகு' முன்னோர்களுக்கான சடங்கு. அழைத்தால் மட்டும் போங்கள், அனுமதி கேட்காமல் எதையும் பதிவு செய்யாதீர்கள்.