டேட்டாபேஸ்ல "ஒண்ணுமே இல்ல"ன்னு வருதா? தேடுறப்ப செய்யுற இந்தத் தப்புங்கள பாருங்க

மாஸ்டர்ஸ் பண்ற பிள்ளைங்க, கடைசி வருஷ ப்ராஜெக்ட் எழுதுற பிள்ளைங்கன்னு நிறைய பேரு சொல்றத கேட்டிருக்கேன், "மலேசியாவுல இருந்த நம்ம தோட்டத் தொழிலாளிங்கள பத்தி தேடிப் பார்த்துட்டேன், ஒண்ணுமே இல்ல"ன்னு. ஜேஸ்டோர்ங்குற ஜர்னல் டேட்டாபேஸ்ல ஒரு தடவ, ஆய்வுக் கட்டுரை தேடுற கூகல் ஸ்காலர்ல ஒரு தடவ தட்டிப் பார்ப்பாங்க, அதோட டாப்பிக்கையே மாத்திடுவாங்க. எனக்கு இது நிஜமாவே மனசு கேக்காது, ஏன்னா நம்ம தாத்தா பாட்டி கதையில பாதிக்கு மேல வெள்ளக்காரன் ரிப்போர்ட்லயும் பழைய ஜர்னல்லயும் பேப்பர்லயும்தான் கிடக்கு, அத தேடி எடுக்க வேண்டிய பிள்ளைங்களே இல்லன்னு முடிவு கட்டிட்டா அப்புறம் யாரு எடுப்பா?

முதல்ல பெரும்பாலானவங்க பண்றது, கேள்விய அப்படியே முழு வாக்கியமா அடிக்கிறது. கூகல் அத எப்படியோ சமாளிச்சு ஏதாவது காட்டிடும். லைப்ரரி டேட்டாபேஸ் பலதும் அப்படி இல்ல, நீங்க போட்ட எல்லா வார்த்தையும் ஒரே கட்டுரையில இருக்கணும்னு எடுத்துக்கும், ஒரு வார்த்தை குறைஞ்சாலும் அந்தக் கட்டுரை வராது. அதனால கேள்விய மூணு துண்டா உடைங்க: யாரு, எங்க, என்ன நடந்துச்சு.

1941ல கிள்ளான் பக்கம் தோட்டத் தொழிலாளிங்க பண்ணுன வேலைநிறுத்தத்தையே எடுத்துக்குவோம். "ஸ்ட்ரைக்"னு மட்டும் அடிச்சா கொஞ்சம்தான் வரும். அந்தக் காலத்து அதிகாரிங்க அத ஸ்ட்ரைக்னு மட்டுமா எழுதுனாங்க, "டிஸ்டர்பன்ஸ்"ம்பாங்க, "அன்ரெஸ்ட்"ம்பாங்க, "ரயட்"ம்பாங்க. தொழிலாளி "கூலி"ன்னு இருப்பாரு, "இமிகிரண்ட் லேபர்"னு இருப்பாரு, "தமில்"னு இருப்பாரு, "இண்டியன்"னு இருப்பாரு. தோட்டம் ஒருத்தருக்கு எஸ்டேட், இன்னொருத்தருக்கு பிளான்டேஷன். நாடும் அப்படித்தான், 1963க்கு முன்னாடி மலேசியாங்குற நாடே இல்ல, அப்ப எழுதுனதுல மலாயா, ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ், ஃபெடரேட்டட் மலாய் ஸ்டேட்ஸ்னுதான் இருக்கும். போர்ட் கிள்ளானுக்கு 1972 வரைக்கும் போர்ட் ஸ்வெட்டன்ஹாம்னு பேரு. தெலுக் இந்தான் அப்ப தெலுக் ஆன்சன். இன்னைக்கு நாம சொல்ற பேர மட்டும் போட்டுத் தேடுறதுதான் என்னைக் கேட்டா எல்லாத்துலயும் பெரிய தப்பு, "ஒண்ணுமே இல்ல"ங்குறதுல பாதி இதனாலதான் வருது. தேட உக்கார்றதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல அந்த மூணு துண்டுக்கும் மூணு கட்டம் போட்டு ஒவ்வொண்ணுக்கும் கீழ பழைய பேரு, புதுப் பேரு, வெள்ளக்காரன் வச்ச பேரு, ஸ்பெல்லிங் மாறுறது எல்லாத்தையும் எழுதுங்க, லேபர்ங்குறதுக்கே பிரிட்டிஷ் ஸ்பெல்லிங் ஒண்ணு அமெரிக்கன் ஸ்பெல்லிங் ஒண்ணு இருக்குல்ல, ரெண்டையும் எழுதிக்கோங்க.

அப்புறம் ஒரே கட்டத்துல இருக்குற வார்த்தைங்களுக்கு நடுவுல ஆர் (ஏதாவது ஒண்ணு இருந்தா போதும்), கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவுல ஆண்ட் (எல்லாத்துல இருந்தும் ஒண்ணாவது இருக்கணும்). (ஸ்ட்ரைக் ஆர் ரயட் ஆர் அன்ரெஸ்ட்) ஆண்ட் (எஸ்டேட் ஆர் பிளான்டேஷன்) ஆண்ட் (கிள்ளான் ஆர் சிலாங்கூர்), இந்த மாதிரி. நான் இங்க தமிழ்ல எழுதியிருக்கேன், நீங்க இங்கிலீஷ்ல அடிங்க, ஆண்ட், ஆர், நாட் மூணையும் கேபிடல் லெட்டர்ல போடுறது நல்லது. அடைப்புக்குறிய மட்டும் விட்டுடாதீங்க. பல டேட்டாபேஸ் ஆண்டை முதல்ல பார்க்கும், ஸ்கோப்பஸ்ங்குற டேட்டாபேஸ் ஆரை முதல்ல பார்க்கும், அடைப்புக்குறி இல்லன்னா ஒரே தேடல் ரெண்டு இடத்துல ரெண்டு அர்த்தமாயிடும்.

நாட் போடுறதுல ரொம்ப ஜாக்கிரதையா இருங்க. சீனத் தொழிலாளிங்கள பத்தின கட்டுரை நிறைய வருதேன்னு "நாட் சைனீஸ்"னு போட்டுடுவாங்க. மலாயாவுல தொழிலாளிங்கள பத்தி ஆழமா எழுதுனவங்க ரெண்டு பேரையும் சேர்த்து ஒப்பிட்டுத்தான் எழுதியிருப்பாங்க, சைனீஸ்ங்குற வார்த்தை ஒரு தடவ இருந்தாலும் போச்சு, உங்களுக்கு வேண்டிய நல்ல கட்டுரையே காணாமப் போயிடும்.

வார்த்தைய ஒரு இடத்துல வெட்டி நட்சத்திரக் குறி (*) போட்டா அப்படி ஆரம்பிக்குற வார்த்தை எல்லாம் வரும், அதுலயும் ஜாக்கிரதையா இருங்க, எங்க வெட்டுறோம்னு பார்க்கணும். மலாய்ங்குற வார்த்தையோட கடைசி எழுத்துக்குப் பக்கத்துல நட்சத்திரம் போட்டா மலாயா, மலாயன், மலேசியா எல்லாம் வரும், நல்லதுதான், ஆனா மலையாளமும் மலையாளியும் கூடவே வந்து நிக்கும், கேரளா கட்டுரையா கொட்டும். லேபர்ல பாதியில வெட்டுனா லேபரட்டரி வரும். கூகல் ஸ்காலர்ல இந்த நட்சத்திரம் வேலையே செய்யாது, அங்க ஒவ்வொரு வார்த்தையும் ஆர் போட்டு எழுதுங்க. இன்னொண்ணு, ஸ்காலர்ல எத்தனை ஆயிரம் ரிசல்ட்டுன்னு காமிச்சாலும் நீங்க பார்க்க முடியுறது முதல் 1000 வரைக்கும்தான்.

மேற்கோள் குறிக்குள்ள போட்டா அந்த வார்த்தைங்க அதே வரிசையில ஒட்டிக்கிட்டு இருக்கணும். "இண்டியன் லேபர்"னு குறிக்குள்ள போட்டா "இண்டியன் இமிகிரண்ட் லேபர்" வராது. இதுக்குத்தான் பக்கத்துல பக்கத்துல இருக்கான்னு தேடுற வசதி இருக்கு, நம்ம பிள்ளைங்க அத தொடவே மாட்டேங்குறாங்க, எனக்குத் தெரிஞ்சு அதவிட உருப்படியான கருவி இல்ல. ரெண்டு வார்த்தையும் அஞ்சு வார்த்தை தூரத்துக்குள்ள இருக்கணும்னா, எப்ஸ்கோ டேட்டாபேஸ்ல இங்கிலீஷ் 'என்' எழுத்தும் எண்ணும் ஒட்டி, என்5ன்னு (N5) போடணும். புரோக்வெஸ்ட்லயும் வெப் ஆஃப் சயின்ஸ்லயும் நியர்/5. ஸ்கோப்பஸ்ல டபிள்யூ/5. இடத்துக்கு இடம் மாறும், ஒண்ணுல எழுதுனத அப்படியே காப்பி பண்ணி இன்னொண்ணுல ஒட்டாதீங்க, அந்தந்த ஹெல்ப் பேஜ ஒரு அஞ்சு நிமிஷம் படிங்க. வேர்ட்ல டைப் பண்ணி ஒட்டுறவங்க மேற்கோள் குறி வளைஞ்சு வந்திருக்கான்னும் பாருங்க, சில இடத்துல அது குறியாவே கணக்காகாது, தேடல் பெட்டியிலயே நேரா ஒரு தடவ அடிச்சுடுங்க.

"ஃபுல் டெக்ஸ்ட் ஒன்லி"ங்குற பெட்டிய முதல்லயே டிக் பண்ணாதீங்க. உங்க லைப்ரரி வாங்காத கட்டுரை எல்லாம் கண்ணுலயே படாது, அது இருக்குன்னு தெரிஞ்சாத்தான லைப்ரரியன்கிட்ட வேற லைப்ரரியில இருந்து எடுத்துக் குடுங்கன்னு கேக்க முடியும். ஜேஸ்டோர்ல அப்ஸ்ட்ராக்ட்ல (கட்டுரையோட சுருக்கத்துல) மட்டும் தேடுறதும் கூடாது, அங்க இருக்குற பழைய கட்டுரை பெரும்பாலானதுக்கு அப்ஸ்ட்ராக்ட்டே கிடையாது. அதுல பல ஜர்னலோட புது இதழ் வர்றதுக்கு சில வருஷம் ஆகும், அதனால ஜேஸ்டோர்ல இல்லன்னா புதுசா யாரும் எழுதலன்னு அர்த்தம் இல்ல.

ஜர்னல் பேரும் மாறும். ராயல் ஏஷியாட்டிக் சொசைட்டியோட நம்ம ஊர் ஜர்னல் 1878ல ஸ்ட்ரெய்ட்ஸ் பிராஞ்ச்ங்குற பேர்ல வந்துச்சு, 1923ல இருந்து மலாயன் பிராஞ்ச், அப்புறம் மலேசியன் பிராஞ்ச். இப்ப இருக்குற பேர மட்டும் போட்டு வடிகட்டுனா பழசு எல்லாம் வெளிய போயிடும்.

தமிழ்ப் புத்தகம் தேடுறவங்களுக்கு இது முக்கியம். மலாயா பல்கலைக்கழகத்துல 1956ல தொடங்குன இந்திய ஆய்வியல் துறை இருக்கு, தமிழ் நூலும் நிறைய இருக்கு, ஆனா பல லைப்ரரி கேட்டலாக்ல தமிழ்த் தலைப்ப ஆங்கில எழுத்துல ஒரு தனி முறையில மாத்தி வச்சிருப்பாங்க. அதுல ழகரத்துக்கு நாம வாட்ஸ்அப்ல போடுற இசட்-எச் கிடையாது, அடியில கோடு போட்ட எல். சகரத்துக்கு சி எழுத்து மட்டும்தான், அதனால எஸ் போட்டுத் தேடுனா வராது. மலேசியத் தமிழர்ங்குறதுல வர்ற ஒற்று 'த்' கூட அப்படியே டி-யா (t) நிக்கும். தமிழ் எழுத்துல ஒரு தடவ, இந்த முறையில ஒரு தடவ, நாம சாதாரணமா எழுதுற ஸ்பெல்லிங்ல ஒரு தடவன்னு தேடுங்க. புத்தகம் எதப் பத்தினதுன்னு லைப்ரரி போட்டு வைக்குற சப்ஜெக்ட் ஹெடிங்கும் பாருங்க, நம்மள பல கேட்டலாக்ல "ஈஸ்ட் இண்டியன்ஸ்"னுதான் போட்டிருப்பாங்க. சரியான ஒரு புத்தகம் கிடைச்சுட்டா அதோட ரெக்கார்ட திறந்து அங்க இருக்குற ஹெடிங்க கிளிக் பண்ணுங்க, கூட்டாளிங்க எல்லாம் வரிசையா வருவாங்க.

பழைய பேப்பருக்கு சிங்கப்பூர் நேஷனல் லைப்ரரியோட நியூஸ்பேப்பர்எஸ்ஜி இருக்கு, மலாயா செய்தியும் அதுல ஏராளம். அது கம்ப்யூட்டர் ஸ்கேன் பண்ணி படிச்ச எழுத்து, மங்கலா அச்சானத தப்பாவும் படிச்சிருக்கும், தைப்பூசத்துக்கே அப்ப விதவிதமா ஸ்பெல்லிங் போட்டிருக்காங்க. அங்க நீளமா தேடாதீங்க, ஒரு ஊர் பேரு, ஒரு வார்த்தை, தேதிய இந்த வருஷத்துல இருந்து இந்த வருஷம் வரைக்கும்னு சுருக்கிட்டு ஒவ்வொண்ணா கண்ணால பாருங்க.

எந்த டேட்டாபேஸ்ல, எந்த தேதியில, என்ன அடிச்சு, எத்தனை வந்துச்சுன்னு ஒரு எக்செல்ல போட்டு வைங்க. பல டேட்டாபேஸ்ல சொந்தமா ஒரு அக்கவுண்ட் திறந்தா தேடல சேவ் பண்ணி வைக்கலாம், புதுசா ஏதாவது வந்தா ஈமெயில் வரும். சூப்பர்வைசர் "இதையும் தேடுனியா"ன்னு கேட்டா அந்த எக்செல்ல திறந்து காட்டிடலாம்.