ஹெட்போனில் கடல் கடலாகக் கேட்க: நான் செய்து திருத்திக்கொண்ட தவறுகள்

மாசி மகத்தன்று கடலூர் தேவனாம்பட்டினத்துக்குச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும் காட்சியை ஒலியாக மட்டுமே உருவாக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அலை, தவில், நாகசுரம், வெடி எல்லாவற்றையும் பதிவு செய்தேன். கணினியில் ஸ்பேஷியல் ஆடியோவாக, அதாவது ஒவ்வோர் ஒலியும் நம்மைச் சுற்றி அதனதன் இடத்திலிருந்து வருவதுபோலக் கோத்து, அந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்த மீனவர் ஒருவருக்கு ஹெட்போனை மாட்டிவிட்டேன். இரண்டு நிமிடம் கேட்டார். "கடல் எங்கே இருக்கிறது தம்பி? மண்டைக்குள் அல்லவா இரைகிறது!" என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் சரி. எந்த ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதில் நாள்கணக்கில் மெனக்கெட்ட நான், அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைக் கவனிக்கவே இல்லை. பெரும்பாலானோர் சறுக்கும் இடமும் இதுதான்.

முதலில் எளிதான தவறு. வலப்பக்கம் நிற்கும் தவிலை வலக்காதுக்கு மட்டும் அனுப்பிவிடுவது. வெளியுலகில் ஒலி ஒரு காதில் மட்டும் விழுவது, காதோரம் கொசு ரீங்கரிக்கும்போதுதான் ஏறத்தாழ நடக்கும். மற்றபடி எந்த ஒலியும் இரு காதுகளையும் எட்டும். தூரத்துக் காதுக்கு அதிகபட்சம் 0.7 மில்லி வினாடி தாமதமாக, தலையின் மறைப்பால் கூர்மை மழுங்கி வரும். இந்தத் தாமதத்தையும் வலிமை வேறுபாட்டையும் வைத்தே நாம் இடவலம் அறிகிறோம் என்று ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு 1907இல் விளக்கினார். ஒரு காதை அடியோடு பட்டினி போட்டால் ஒலி மறு காதில் அட்டைபோல ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது, கடலை ஒரு புள்ளியாக வைப்பது. மென்பொருளில் அலைப்பதிவை ஒரு பந்தாக எடுத்துக் கிழக்கே வைத்தேன். ஒரு குழாயில் தண்ணீர் கொட்டுவதுபோலக் கேட்டது. கரையில் நிற்பவருக்குக் கடல் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை நீண்டு கிடக்கும் கோடு. ஓர் அலை இங்கே உடையும்போது இன்னொன்று தள்ளி அங்கே எழும்பிக்கொண்டிருக்கும். ஆகவே வெவ்வேறு நேரங்களில் எடுத்த ஆறேழு பதிவுகளைக் கரை நெடுகப் பரப்ப வேண்டும். ஒரே பதிவை ஆறு இடத்தில் வைத்தால் அவை ஒன்றோடொன்று குழம்பி மீண்டும் தலைக்குள்ளேயே வந்துவிடும்.

தொலைவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். திறந்த வெளியில் தவில்போன்ற சிறிய ஒலிமூலத்திலிருந்து நாம் விலகும்போது, தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் குறைகிறது. நீண்ட கோடாக இருக்கும் கடலோ ஏறக்குறைய 3 டெசிபல்தான் குறையும். அதனால்தான் ஊருக்குள் நடக்க நடக்க மேளம் சீக்கிரம் தேய்கிறது, கடல் நெடுந்தூரம் கூடவே வருகிறது. எல்லாவற்றையும் ஒரே அளவில் குறைத்த என் முதல் முயற்சியில் இந்த வேறுபாடு செத்துப்போயிருந்தது. கடைசியில் எல்லாம் எடுப்பாகக் கேட்கட்டும் என்று ஓங்கிய, மெலிந்த ஒலிகளுக்கு இடையிலான வேறுபாட்டைக் குறைக்கும் கம்ப்ரெஸரை வேறு அழுத்திவிட்டேன். மெலிந்த ஒலிகள் மேலேறி வந்தன, தூரம் என்பதே இல்லாமல் போயிற்று.

அளவு மட்டும் போதாது. காற்று உச்ச அதிர்வெண்களைத் தின்றுவிடும். பக்கத்தில் 'படீர்' என்கிற வெடி, தொலைவில் 'தும்' என்று மட்டும் கேட்கும். தவில் தூரத்திலிருந்து வரும்போது முதலில் குச்சியால் அடிக்கும் தொப்பிப் பக்கத்தின் தடித்த ஒலிதான் தெரியும். நெருங்க நெருங்கத்தான் மறுபக்கமான வலந்தலையில் விரல்கூடுகள் எழுப்பும் கூர்மை துலங்கும்.

இதில் நான் சிக்கிய பொறி இன்னொன்று. தவிலைக் கடற்கரையிலேயே பதிவு செய்திருந்தேன். அதற்குள் அலையோசையும் கலந்திருந்தது. ஊர்வலத்தை நகர்த்தியபோது தவிலோடு ஒரு குட்டிக் கடலும் நகர்ந்தது! நகர வேண்டிய ஒலியை அமைதியான, எதிரொலி குறைந்த இடத்தில் தனியே பதிவு செய்வது ஒன்றே வழி.

எதிரொலியும் இடத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ஒலி தலைக்கு வெளியே போக, ஓர் இடத்தின் எதிரொலியைச் சேர்க்கும் ரிவெர்ப் உதவும் என்பது உண்மை. அதற்காகத் திறந்த மணல்வெளியில் கல்மண்டபத்து முழக்கத்தைச் சேர்த்தால், திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயிலுக்குள் கடல் புகுந்ததுபோல ஆகிவிடும். கேட்பவர் உட்கார்ந்திருக்கும் அறைக்கும் இதில் பங்கு உண்டு. ஹெட்போனில் வரும் வெளியும் தன்னைச் சூழ்ந்த வெளியும் ஒத்துப்போகாதபோது மூளை ஒலியை உள்ளே இழுத்துக்கொள்கிறது. சிறிய அறையில் கடற்கரையைக் கேட்கவைப்பது இதனாலேயே கடினம். திண்ணையிலோ மொட்டைமாடியிலோ கேட்கச் சொல்கிறேன், வேறுபாடு உடனே தெரிகிறது.

பிறர் காதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தலையும் காதுமடலும் ஒலியை எப்படி மாற்றுகின்றன என்ற அளவீட்டை எச்.ஆர்.டி.எஃப். என்பார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 1994இல் கெமார் என்ற பொம்மைத் தலையைக் கொண்டு எடுத்த அளவீடுகளை இன்றும் பலர் பயன்படுத்துகிறார்கள். அவை 1.4 மீட்டர் தூரத்திலிருந்து எடுக்கப்பட்டவை. திசையை அவை தரும், நூறு மீட்டர் தொலைவை நாம்தான் கட்டியெழுப்ப வேண்டும். காதுமடல் ஆளுக்கு ஆள் வேறு என்பதால் முன்னால் இருப்பது பின்னால் கேட்கும் குழப்பமும் வரும். இதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த மருந்து தலையசைவைப் பின்தொடரும் ஹெட்போன். கழுத்தைத் திருப்பினாலும் கடல் கிழக்கிலேயே நின்றால் முன்பின் குழப்பம் பெரிதும் தெளிகிறது. அப்படிப்பட்ட ஹெட்போனுக்கு, இரு காதிலும் என்ன கேட்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்துவிட்ட பைனாரல் கோப்பைக் கொடுத்துப் பயனில்லை. ஒலிகளைத் தனித்தனியே கொடுக்க வேண்டும்.

பைனாரலாக முடித்த கோப்பைக் கேட்கும்போது போனில் உள்ள ஸ்பேஷியல் வசதியை அணைத்துவிடுங்கள், இல்லையேல் ஒரே வேலை இரண்டு முறை நடக்கும். மிகவும் சுருக்கிய எம்பி3யும் வேண்டாம்.

சோதிக்கும்போது "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். எது எங்கே இருக்கிறது என்று கையால் காட்டச் சொல்லுங்கள், எவ்வளவு தூரம் என்றும் கேளுங்கள். அதே மீனவர் போன வாரம் தன் வீட்டுத் திண்ணையில் திருத்திய வடிவத்தைக் கேட்டார். கடலுக்குக் கையை அகல விரித்துக் காட்டினார். தவில் வலப்பக்கம், இரண்டு படகு நீளம் என்றார். எதிரே வரவேண்டிய நாகசுரத்துக்கு மட்டும் பின்னால் திரும்பிப் பார்த்தார். இப்போது அதைத்தான் சரிசெய்துகொண்டிருக்கிறேன்.